128 பிட் போட்டும் வைஃபை ஏன் திறந்து கிடக்கிறது?

கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடையோ வெள்ளவத்தை டியூஷன் வகுப்போ, வைஃபை பார்க்கப் போனால் முதல் கேள்வி இதுதான்: "தம்பி, 128 பிட் என்று போட்டிருக்கு, பயமில்லைத்தானே?" பிட் என்பது தரவைப் பூட்டும் சாவியின் நீளக் கணக்கு; ஒரு பிட் கூடினால் சாத்தியமான சாவிகள் இரட்டிப்பாகும். ஆனால் பிட் கணக்கை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வைஃபையின் பழைய பாதுகாப்பு முறையான டபிள்யூஈபியில் (WEP) 128 பிட் என்றால் இரகசியம் 104 பிட்தான். மீதி 24 பிட், அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொதியோடும் வெளிப்படையாகவே போகும் ஓர் எண். 24 பிட்டில் சுமார் 1.68 கோடி எண்களே உண்டு. நெரிசலான வலையமைப்பில் அவை சீக்கிரம் திரும்பி வரும். அதைவிட மோசம், அந்த எண்ணை இரகசியச் சாவியோடு அப்படியே ஒட்டி, தரவை மறைக்கும் ஆர்சி4 (RC4) என்ற கணக்கு முறைக்குக் கொடுத்தது. 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அந்த ஓட்டையைக் காட்டினார்கள். 2007-இல் 104 பிட் சாவியே ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது.

இன்று பரவலாக உள்ள பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-இல் (WPA2), தரவை மறைக்கும் ஏஇஎஸ் (AES) முறையின் சாவியும் 128 பிட்தான். ஆனால் அதை ஒவ்வொன்றாக முயன்று எவராலும் பிடிக்க முடியாது. சாத்தியங்களின் எண்ணிக்கையே 39 இலக்கம். சரி, அப்போது ஓட்டை எங்கே? அந்தச் சாவி நீங்கள் வைக்கும் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கிறது. உங்கள் போன் ரவுட்டரோடு இணையும் கணத்தைப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பதிவு செய்தவர், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக ஊகிக்கலாம். நல்ல கிராபிக்ஸ் கார்ட் செக்கனுக்குப் பல இலட்சம் ஊகங்களைச் சோதிக்கும்.

நான் பார்க்கும் கடைகளில் கடவுச்சொல் பெரும்பாலும் கைத்தொலைபேசி இலக்கம். 07-க்குப் பின் எட்டு இலக்கங்கள், அதாவது 10 கோடி சாத்தியங்கள். சுமார் 27 பிட். சில நிமிட வேலை. போதாததற்கு அதே இலக்கம் கடைப் பலகையிலும் இருக்கிறது! பழைய அடையாள அட்டை இலக்கமும் உதவாது: முதல் ஐந்து இலக்கங்களும் பிறந்த ஆண்டையும் நாளையும் வைத்தே வருகின்றன.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சேர்த்து இருபது எழுத்துக்கு மேல் வையுங்கள். ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் (WPS) என்ற இலகு இணைப்பு வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் (PIN) எண் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடையும் என்பது 2011-லேயே தெரிந்துவிட்டது. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் அதையே போடுங்கள். பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய் ஊகிக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. பழைய பில் மெஷின் ஒன்றுக்காக டபிள்யூஈபியை இன்னும் விட்டு வைத்திருந்தால், அந்த மெஷினுக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்துவிட்டு டபிள்யூஈபியை இன்றே நிறுத்துங்கள்.