குட்டை சிக்லிட்கள் தம் முட்டைகளைத் தின்பது ஏன்?

சிக்லிட் என்னும் நன்னீர் மீன் குடும்பத்தின் சிறிய இனங்களான குட்டை வகை சிக்லிட்களை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் மீன் மருத்துவரிடம் கொண்டு வரும் புகார்களில் அடிக்கடி கேட்பது இதுதான்: ராம் என்னும் குட்டை சிக்லிட் ஜோடி கல்லின் மேல் முட்டையிட்டது, இரண்டு நாள் காவல் காத்தது, மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு முட்டைகூட இல்லை, பெற்ற மீனே தின்றுவிட்டது, அதை நிறுத்த ஏதாவது மருந்து உண்டா? அப்படி ஒரு மருந்து கிடையாது. அதைவிட முக்கியம், பெரும்பாலான சமயங்களில் அந்த மீன்களிடம் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. முட்டைகள் தின்னப்படுவதற்கு முன்பே செத்துப்போயிருக்கின்றன.

கருவுற்ற முட்டை தேன் நிறத்திலோ, இனத்தைப் பொறுத்துச் சற்றுச் சிவந்தோ, ஒளி ஊடுருவும்படி இருக்கும். கருவுறாததும் கரு இறந்ததும் ஒரு நாளுக்குள் பால் போல வெளுத்துவிடும். அதன் மேல் பஞ்சு இழைகளாகப் பூஞ்சை படர்ந்து, அருகிலுள்ள நல்ல முட்டைகளையும் பற்றிக்கொள்ளும். பெற்றோர் மீன்கள் வெளுத்தவற்றை வாயால் பொறுக்கி அகற்றுவது துப்புரவு வேலை. ஆனால் வெளுத்தவையே மிகுதியாக இருந்தால், அவை அந்த ஈட்டையே, அதாவது அந்த முறை இட்ட முட்டைகள் முழுவதையுமே, கைவிட்டு எல்லாவற்றையும் தின்றுவிடுகின்றன. அடுத்த ஈட்டுக்கு உடலில் சத்துச் சேர வேண்டிய உயிருக்கு இது நட்டத்தைக் குறைக்கும் வழி. எனவே முட்டை காணாமல்போன பிறகு மீன் மருத்துவரான என்னிடம் வருவதைவிட, முட்டையிட்ட மறுநாள் ஒரு கைவிளக்கை வைத்து அதன் நிறத்தைப் பார்த்துக் குறித்து வைப்பது பன்மடங்கு பயனுள்ளது.

முட்டைகள் வெளுப்பதற்கு நான் முதலில் சந்தேகிப்பது தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவை. ராம் மீன்கள் தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றுப் படுகையையும், அபிஸ்டோகிராம்மா என்னும் மற்றொரு குட்டை சிக்லிட் பேரினத்தின் இனங்களில் பல அமேசான் படுகையையும் சேர்ந்தவை. அங்கே பல நீரோடைகளில் கால்சியம் மிகக் குறைவு, நீர் அமிலத்தன்மை உடையது. வளர்ந்த மீன் கடினநீரில் நிறம் மங்காமல், நன்றாகத் தின்று, முட்டையும் இடுவதால், தண்ணீரில் குறையில்லை என்று வளர்ப்பவர் முடிவுகட்டிவிடுகிறார். தாங்கிக்கொள்ளும் சக்தி வளர்ந்த உடலுக்கு உண்டு, முட்டைக்கு இல்லை. டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்புவதும் போதாது; அது நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவைக் காட்டுமே தவிர, அதில் எவ்வளவு கால்சியம் என்பதைச் சொல்லாது. கடினத்தன்மையைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் பலர் அமிலத்தை ஊற்றி, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவைக் குறைக்கிறார்கள். கார்பனேட் நிறைந்த நீரில் அந்த அளவு இறங்கி, சில மணி நேரத்தில் மீண்டும் ஏறும்; கடினத்தன்மையோ அப்படியே இருக்கும்; நடுவில் அலைக்கழிவது மீன். உப்புகளை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. நீரையும் வழக்கமான நீரையும் கலந்து, சில வாரங்களில் படிப்படியாக மாற்றுவதே சரியான முறை. ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றினால் பிஹெச் திடீரெனச் சரிந்துவிடும் அபாயம் உண்டு. காய்ந்த நாட்டு வாதுமை இலைகளைப் போடுவதில் தவறில்லை, ஆனால் அவை கடினநீரை மென்னீராக்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த அறிவுரை எல்லாச் சிக்லிட்களுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் நத்தை ஓடுகளுக்குள் குடியிருக்கும் சிறு சிக்லிட்களுக்குக் கடினமான காரநீர்தான் தேவை.

தண்ணீர் சரியாக இருந்தும் எல்லா முட்டைகளும் வெளுத்தால் ஆண் மீனைச் சந்தேகிக்கலாம். விற்பனைக்காக ஹார்மோன் கொடுத்து நிறமேற்றப்பட்ட மீன்கள் கண்ணைப் பறிக்கும் அழகோடு இருந்தும் மலடாக இருப்பதுண்டு. தோற்றம் ஒரே மாதிரி மின்னும் பெரிய மீன்களை வாங்குவதைவிட, ஆறேழு இளம் மீன்களை வாங்கி, தாமாக ஜோடி சேர விடுவதையே நான் பரிந்துரைப்பேன். அப்படிச் சேரும் இளம் ஜோடி முதல் சில ஈடுகளை இழப்பது வழக்கம். அதற்காக முட்டைகளைப் பிரித்தெடுத்து, பூஞ்சையைத் தடுக்கும் சாயமான மெத்திலீன் நீலம் கலந்த நீரில் பொரிக்க வைக்க அவசரப்பட வேண்டியதில்லை. அதே தொட்டியில் இரவில் மேயும் கெளுத்தி வகை மீன்கள் இருந்தால், பழி அவற்றின் மேலும் விழ வேண்டும்.

அபிஸ்டோகிராம்மாவில் குகைக்குள் முட்டையிட்ட பெண் மஞ்சள் நிறமேறி, முட்டையைத் தானே காக்கும். பெரும்பாலும் ஆணை அருகில் நெருங்க விடாது. சிறிய தொட்டியில் ஆணுக்கு ஒதுங்க இடமில்லையென்றால் துடுப்பு கிழிந்து, மூலையில் மேற்பரப்பை ஒட்டி நிற்கும். அதைக் கண்ட அன்றே ஆணை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். காயத்துக்கு மருந்து ஊற்றிவிட்டு அங்கேயே விட்டுவைப்பதில் பொருளில்லை.

பொரித்த குஞ்சுகள் சில நாள் உடலில் ஒட்டியுள்ள மஞ்சள் கருவை உண்டு கிடக்கும். நீந்தத் தொடங்கியதும் வாய்க்கு அடங்கும் உயிருணவு உடனே வேண்டும். புதிதாகப் பொரித்த ஆர்டீமியா என்னும் ஆரஞ்சு நிற உப்புநீர் நுண்ணிறால் பெரும்பாலான இனங்களுக்குப் போதும். ராம் குஞ்சுகள் மிகச் சிறியவை என்பதால் முதல் சில நாள்களுக்கு இன்ஃபுசோரியா போன்ற நுண்ணுணவு உதவும். குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் தின்றிருக்கின்றன என்று பொருள். முட்டைகள் காணாமல்போவதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், குஞ்சுகள் சாவதற்கு அம்மோனியாவும் ஒரு முக்கியக் காரணம் என்பதைக் கவனிப்பதில்லை. மிஞ்சிய உணவு வெதுவெதுப்பான நீரில் விரைவில் அழுகி அம்மோனியாவை உண்டாக்கும்; வெப்பமும் பிஹெச்சும் ஏற ஏற, அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கும் ஏறும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் பழகி, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுவதும், குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரை நாள்தோறும் சிறிதளவு மாற்றுவதும் எந்த மருந்தைவிடவும் அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றும்.

ஹீட்டரில் வைக்கும் வெப்ப அளவு வேறொன்றையும் தீர்மானிக்கிறது. ரோமர், பைசன்ஹெர்ஸ் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், அபிஸ்டோகிராம்மா இனங்கள் பலவற்றில் இளம் பருவ வெப்பநிலை குஞ்சுகளின் பால் விகிதத்தை மாற்றுவதும், வெப்பம் கூடினால் ஆண்கள் மிகுவதும் தெரியவந்தன. ஓர் ஈட்டில் ஏறக்குறைய எல்லாமே ஆணாக வந்துவிட்டன என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஹீட்டர் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதுதான்.

நல்ல ஜோடி சில வாரங்களில் மறுபடியும் முட்டையிடும். ராம் மீன் ஓர் ஈட்டில் நூற்றுக்கு மேல் இடக்கூடியது. குஞ்சுகளை வாங்கிக்கொள்ள யாரும் இல்லாதபோது அவற்றைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவது எக்காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று. அந்நிய மீனும் அதனோடு செல்லும் ஒட்டுண்ணியும் அங்குள்ள மீன்களுக்குக் கேடு. இடமில்லாதவர்கள் ஜோடியைப் பிரித்து வைக்க வேண்டும். குகைகளை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆனால் மீன்கள் ஃபில்டரின் அடியிலோ இலையின் மறைவிலோ முட்டையிட்டுவிடும்.