எந்த வேலைக்கு எந்த அச்சு?

அச்சகத்துக்கு ஒரு வேலையைக் கொண்டுபோனால் முதலில் வரும் கேள்வி ‘எத்தனை காப்பி?’ என்பதுதான். தாள், நிறம், அளவு எல்லாம் அப்புறம். நன்றாக அச்சடித்துத் தாருங்கள் என்று வந்தவருக்கு இது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் வேலையை எந்த இயந்திரத்தில் ஏற்றுவது என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்த எண்ணிக்கைதான். மீதியைத் தீர்மானிப்பது, எதன் மேல் அச்சடிக்கப் போகிறோம் என்பது. தரம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது.

அச்சுத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் ஒன்றே: மை இங்கே ஒட்ட வேண்டும், அங்கே ஒட்டக் கூடாது. இதைத் தீர்க்கும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுத்தை மேடாகச் செய்து மேட்டில் மட்டும் மை தடவலாம். 15ஆம் நூற்றாண்டில் கூட்டன்பர்க் செய்தது அதுதான். எழுத்தைப் பள்ளமாகக் குடைந்து, பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைச் சுரண்டித் துடைத்துவிடலாம். ஒரு வலையில் வேண்டாத இடங்களை அடைத்துவிட்டு, திறந்த கண்கள் வழியாக மையைத் தள்ளலாம். மேடும் பள்ளமும் இல்லாத சமதளத்தில் வேதியியலை நம்பியும் மையைப் பிரிக்கலாம். கடைசி வழி, நிலையான அச்சுரு எதுவுமே இல்லாமல் ஒவ்வொரு தாளுக்கும் படத்தைப் புதிதாக உருவாக்குவது. டிஜிட்டல் என்பது இதுதான்.

இன்று புத்தகம், பத்திரிகை, விளம்பரத் தாள், பளபளப்பான அட்டைப்பெட்டி என்று கையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அந்த வேதியியல் வழியில் அச்சானது. அதுதான் ஆஃப்செட். இதன் வேர் 1796இல் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நனைத்தார். கோடு இழுத்த இடம் தண்ணீரை ஏற்கவில்லை. வெறும் கல் ஏற்றுக்கொண்டது. பிறகு எண்ணெய் மையை உருட்டினால், ஈரமான இடத்தை விட்டுவிட்டுக் கோட்டில் மட்டும் மை பிடித்தது.

இப்போது கல்லுக்குப் பதில் அரை மில்லிமீட்டரைவிட மெல்லிய அலுமினியத் தகடு. அச்சகத்தில் பிளேட் என்பார்கள். அதன் மேற்பரப்பை நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்கி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். மேலே ஒளி பட்டால் மாறும் பூச்சு. கணினியிலிருந்து வரும் லேசர் அந்தப் பூச்சில் படத்தை எழுதும். எழுதி முடித்துக் கழுவினால், மை ஏற்கும் பகுதியும் தண்ணீர் ஏற்கும் பகுதியும் ஒரே மட்டத்தில் அருகருகே நிற்கும். இயந்திரத்தில் ஏறியதும் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் தண்ணீர் உருளை, பிறகு மை உருளைகள். அந்தத் தண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை. லேசான அமிலத்தன்மையோடு, அரபுக் கோந்து போன்றவை கலந்த கரைசல்.

இதில் ‘ஆஃப்செட்’ என்ற பகுதி தற்செயலாக வந்தது. 1904இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அச்சகம் நடத்திய ஐரா ரூபல், கல்லச்சு இயந்திரத்தில் தாள் போகாமல் தவறிய போதெல்லாம் படம் கீழே இருந்த ரப்பர் போர்த்திய உருளையில் பதிந்துவிடுவதையும், அடுத்த தாளின் பின்பக்கத்தில் அது மறுபடி பதிவதையும் கவனித்தார். பின்பக்கப் பதிவுதான் முன்பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. தகரத்தில் அச்சடிக்க இந்த முறை அதற்கு முன்பே இருந்தது. தாளுக்கு அதைக் கொண்டுவந்த பெருமை இவருக்கு. ரப்பர் வளைந்து கொடுக்கும் என்பதால் தாளின் மேடுபள்ளங்களுக்குள்ளும் மை போய்ச் சேர்கிறது. பிளேட் தாளோடு உரசுவதில்லை, அதனால் தேய்மானமும் குறைவு. ஒரு சின்ன வசதியும் உண்டு: படம் இரண்டு முறை திரும்புவதால் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி வாசிக்க வேண்டியதில்லை.

தாளில் சேரும் மையின் தடிமன் ஏறக்குறைய 1 மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மை அவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் மிகச் சிறிய புள்ளிகளைக்கூட வழியாமல் போட முடிகிறது. வண்ணப்படம் என்று நாம் பார்ப்பது உண்மையில் சயன், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள். நல்ல பூச்சுத் தாளில் அங்குலத்துக்கு 150 முதல் 175 வரிசைப் புள்ளிகள் போடுவார்கள். செய்தித்தாளில் 100 வரிசைக்குள்தான், ஏனென்றால் அந்தத் தாள் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பரப்பிவிடும். ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையையும் வேறு கோணத்தில் திருப்பி வைக்க வேண்டும். வழக்கமாகக் கருப்பு 45 பாகையில், சயனும் மெஜந்தாவும் அதிலிருந்து 30 பாகை தள்ளி. கோணம் பிசகினால் படத்தின் மேல் வேண்டாத அலைக்கோலம் தெரியும்.

சரி, இவ்வளவு நல்ல முறை என்றால் எல்லாவற்றையும் ஆஃப்செட்டிலேயே அடித்துவிட வேண்டியதுதானே? சிக்கல் தொடக்கத்தில் இருக்கிறது. நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் போட வேண்டும், இரண்டு பக்கம் என்றால் எட்டு. அவற்றை ஏற்றி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்படி ரெஜிஸ்டர் பார்த்து, மைக்கும் தண்ணீருக்கும் சமநிலை கிடைக்கும்வரை தாள்களை ஓட்ட வேண்டும். நல்ல தாள் வருவதற்குள் ஒரு கட்டு தாள் வேஸ்ட் ஆகிவிடும். அது முடிந்ததும் இயந்திரம் மணிக்கு 15,000 தாள் வேகத்தில் பறக்கும். ஆக, முதல் நல்ல தாளுக்கு ஏகப்பட்ட செலவு. பத்தாயிரமாவது தாளுக்குக் கிட்டத்தட்டக் காகிதமும் மையும் மட்டும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, ஆஃப்செட்டில் தயாரிப்புச் செலவு 1,000 பங்கு, அதற்குமேல் ஒவ்வொரு தாளுக்கும் 1 பங்கு என்று வையுங்கள். டிஜிட்டலில் தயாரிப்புச் செலவே இல்லை, ஆனால் ஒரு தாளுக்கு 3 பங்கு. 100 தாள் என்றால் ஆஃப்செட் 1,100, டிஜிட்டல் 300. 5,000 தாள் என்றால் ஆஃப்செட் 6,000, டிஜிட்டல் 15,000. இரண்டும் சமமாகும் இடம் 500 தாள். எண்கள் கற்பனைதான், தாளின் அளவு, இயந்திரம், நிறங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அந்தச் சமப்புள்ளி முன்னும் பின்னும் நகரும். ஆனால் இப்படி ஒரு புள்ளி எப்போதும் உண்டு. மேலே சொன்ன ‘எத்தனை காப்பி’ கேள்வி தேடுவது அதைத்தான்.

லட்சக்கணக்கில் போகும்போது தனித்தாள் போதாது, காகித உருளையிலிருந்தே நேராக ஓட்டும் வெப் ஆஃப்செட் வருகிறது. இதிலும் இரண்டு வகை. பளபளப்பான வார இதழ்கள் சூடான அடுப்பு வழியாகச் சென்று, குளிர்ந்த உருளைகளில் மை இறுகி வெளிவருகின்றன. செய்தித்தாளுக்கு அடுப்பு கிடையாது. மை தாளுக்குள் உறிஞ்சப்படுவதோடு சரி, முழுதாக இறுகுவதே இல்லை. பேப்பர் படித்த விரலில் கருப்பு ஒட்டுவது அதனால்தான்.

இனி டிஜிட்டல். இதன் ஒரு கிளையின் பிறப்புத் தேதி நமக்குத் தெரியும்: 1938 அக்டோபர் 22, நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் நிலைமின்சாரத்தைக் கொண்டு எடுத்த முதல் நகல். அந்தத் தேதியையும் ஊர்ப் பெயரையும்தான் அதில் எழுதியிருந்தார். தத்துவம் இன்றும் அதேதான். ஓர் உருளைக்கு மின்னூட்டம் கொடுத்து, லேசரால் படத்தை அதில் எழுத, மின்னூட்டம் மாறிய இடங்களில் டோனர் எனும் நுண்ணிய பிளாஸ்டிக் தூள் போய் ஒட்டிக்கொள்கிறது. அது தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்கிறது. வண்ண வேலைக்கு இது தொழில்முறையில் வந்தது 1993இல். இண்டிகோ, ஸைகான் ஆகிய இரண்டு நிறுவனங்களும் தங்கள் இயந்திரங்களை அந்த ஆண்டில் அறிமுகம் செய்தன. இண்டிகோ தூளுக்குப் பதில் திரவத்தில் மிதக்கும் டோனரைப் பயன்படுத்தியதால், அதன் அச்சு ஆஃப்செட்டுக்கு மிக நெருக்கமாக இருந்தது.

இன்னொரு கிளை இங்க்ஜெட். மின்சாரம் பட்டால் வடிவம் மாறும் பீங்கான் துண்டோ, நொடியில் கொதித்துக் குமிழி எழுப்பும் சூடேற்றியோ, மையைச் சில பிகோலிட்டர் துளிகளாகத் தெறிக்கவிடும். ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. உருளைத்தாளில் வேகமாக ஓடும் இங்க்ஜெட் இயந்திரங்கள் இன்று புத்தகங்களையே அடித்துத் தள்ளுகின்றன.

டிஜிட்டலை ‘ஜெராக்ஸ் தரம்’ என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய கதை. குறைகள் இல்லாமல் இல்லை: ஒரே நிறம் பெரிய பரப்பில் வரும்போது பட்டை பட்டையாகத் தெரியலாம், டோனர் தாளின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் மடிப்பில் வெடிக்கலாம், தங்கநிற மை போன்ற சிறப்பு நிறங்களுக்குத் தெரிவுகள் குறைவு. ஆனால் அச்சுரு இல்லாததால் ஒவ்வொரு தாளையும் வேறாக அடிக்க முடியும் என்பது வேறு எதிலும் இல்லாத வசதி. பெயர், முகவரி, வரிசை எண் மாறும் கடிதங்களுக்கு வேறு முறையைத் தேடவே வேண்டாம். எவ்வளவு விற்கும் என்று தெரியாத புத்தகத்துக்கும் நான் டிஜிட்டலைத்தான் சொல்வேன். ஒரு பிரதிக்கு அடக்கவிலை கூடுதல்தான். விற்காமல் பரணில் கிடக்கும் 800 பிரதிகளின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆஃப்செட்டின் மலிவு காணாமல் போய்விடும்.

இதுவரை பேசியது பெரும்பாலும் காகிதம். பிளாஸ்டிக் உறைக்கு வந்தால் ஆட்டமே மாறுகிறது. பிளாஸ்டிக் எதையும் உறிஞ்சாது. ஆஃப்செட்டின் கெட்டியான பசை மை அதன் மேல் இறுகாமல் இழுபடும். இங்கே நீர்த்த, சட்டென்று ஆவியாகிக் காயும் மை தேவை. அதைக் கையாளத் தெரிந்தவை ஃபிளெக்ஸோவும் கிராவ்யூரும்.

ஃபிளெக்ஸோ அடிப்படையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பை உருளையில் சுற்றியதுபோல. மேடான எழுத்து, மிருதுவான பாலிமர் பிளேட். முன்பு இதற்கு அனிலின் அச்சு என்று பெயர். அனிலின் சாயம் நச்சு என்ற அச்சம் உணவு உறைகளின் வியாபாரத்தைப் பாதித்ததால் 1950களின் தொடக்கத்தில் பெயரை மாற்றினார்கள். இதன் உயிர்நாடி அனிலாக்ஸ் என்ற உருளை. அதன் பீங்கான் பரப்பில் லேசரால் குடைந்த லட்சக்கணக்கான நுண்குழிகள் இருக்கும். அவை மையை அளந்து எடுத்து பிளேட்டுக்குக் கொடுக்கும். பிளேட் மென்மையாகத் தொட்டாலே போதும் என்பதால், நெளி அட்டைப்பெட்டியை நசுக்காமல் அச்சடிக்க முடிகிறது. அதே மென்மைதான் பலவீனமும்: அழுத்தம் கொஞ்சம் கூடினால் புள்ளி வீங்கிவிடும். இன்னொரு வேடிக்கை, தட்டையான பிளேட்டை உருளையில் சுற்றும்போது படம் சுற்றுவாக்கில் நீண்டுவிடும்; வட்டம் நீள்வட்டமாகும். அதனால் கோப்பிலேயே படத்தை அந்தத் திசையில் சற்றுக் குறுக்கிவைப்பார்கள்.

கிராவ்யூரில் இதற்கு நேர்மாறாகப் பள்ளம். தாமிரம் பூசிய கனமான உருளையில் வைர ஊசியோ லேசரோ குழிகளைக் குடையும். தேயாமலிருக்க மேலே குரோமியப் பூச்சு. உருளை மையில் புரண்டு வரும், மெல்லிய எஃகுத் தகடு ஒன்று மேற்பரப்பைச் சுரண்டும், குழியில் தங்கிய மை மட்டும் பிளாஸ்டிக்குக்குப் போகும். குழி ஆழமாக இருந்தால் மை அதிகம், ஆழம் குறைந்தால் மை குறைவு. அதனால் நிறம் மெல்ல மெல்ல மாறும் படங்கள் இதில் அருமையாக வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை குடைய வேண்டும், எழுத்துப்பிழை ஒன்று இருந்தாலும் அந்த உருளையை மறுபடி செய்ய வேண்டும் என்பதால் சின்ன வேலைக்குக் கட்டுப்படியாகாது. பல லட்சம் மீட்டர் ஒரே உறையை அடிப்பவர்களுக்குத்தான் இது. உருளையில் இணைப்பே இல்லாததால் மரக்கோலம் போட்ட அலங்காரத் தாள் போல, எங்கும் முடியாமல் ஓடும் வடிவங்களுக்கும் இதுதான் பொருத்தம்.

ஸ்க்ரீன் பிரிண்டிங் மெதுவானது, எளிமையானது, ஆனால் ஒரு விஷயத்தில் யாரும் அதை நெருங்க முடியாது: மையின் தடிமன். வலை வழியாக ஸ்க்வீஜி எனும் ரப்பர் விளிம்புள்ள கட்டையால் தள்ளும் மை பத்து, இருபது மைக்ரான், தேவைப்பட்டால் இன்னும் கூடுதலாகவே படியும். கருப்புத் துணியில் வெள்ளை எழுத்து மங்காமல் நிற்பது இதனால். வெயிலில் நிற்கும் அறிவிப்புப் பலகைக்கும் இதுவே. சிலிக்கான் சூரிய மின்கலங்களின் முகப்பில் தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகளும் பெரும்பாலும் ஸ்க்ரீனில் அச்சடித்தவைதான். அங்கே மையின் வேலை மின்சாரத்தைக் கடத்துவது.

பேனா, சாவிப்பலகைப் பொத்தான் மாதிரி வளைந்த பொருள்களுக்கு மிருதுவான சிலிக்கோன் திண்டால் ஒற்றியெடுக்கும் பேட் பிரிண்டிங். பணத்தாளில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு, ஆழக் குடைந்த தகட்டிலிருந்து பெரும் அழுத்தத்தில் எடுத்தது. பழைய லெட்டர்பிரஸ் தடித்த அழைப்பு அட்டைகளில் அழுந்திய எழுத்துக்காகவே தேடப்படுகிறது.

கையிலிருக்கும் அச்சு எந்த முறை என்று அறிய பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். கூர்மையாக, மை சீராக இருந்தால் ஆஃப்செட். விளிம்பு ரம்பப் பல் போல இருந்தால் கிராவ்யூர், ஏனென்றால் அதில் எழுத்தும் குழிகளால் ஆனதுதான். விளிம்பைச் சுற்றி மை பிதுங்கி ஒரு வளையம் தெரிந்தால் ஃபிளெக்ஸோ அல்லது லெட்டர்பிரஸ். தாள் அழுந்தியிருந்தால் பின்னது. எழுத்தைச் சுற்றித் தூள் சிதறியிருந்தால் டோனர். ஒழுங்கான வரிசையில்லாமல் புள்ளிகள் இறைந்து கிடந்தால் இங்க்ஜெட்.

ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை இப்படிப் பார்த்தால் இரண்டு முறைகள் சேர்ந்தே கிடைக்கும். படமும் பெயரும் கிராவ்யூர் அல்லது ஃபிளெக்ஸோ. காலாவதி தேதி மட்டும் புள்ளிப் புள்ளியாக, கொஞ்சம் கோணலாகக்கூட இருக்கும். உறை ஓடும் வேகத்தில், அதைத் தொடாமலேயே, மின்னூட்டம் ஏற்றிய மைத்துளிகளை மின்புலத்தால் திருப்பி எழுதும் இங்க்ஜெட் அது. நாளுக்கு நாள் மாறும் அந்த ஒரு வரிக்காக யாரும் தாமிர உருளை குடைய மாட்டார்கள்.