வெங்காயத்தாமரை: சொல் விளக்கம்

ஊட்டி படகு இல்ல ஏரியிலும் கோவைக் குளங்களிலும் ஊதாப் பூ பூத்து, தண்ணீரே தெரியாமல் மூடிவிடும் களையை நாம் பெரும்பாலும் ஆகாயத்தாமரை என்கிறோம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரச் செடி வேறு.

சித்த மருத்துவம் சொல்லும் ஆகாயத்தாமரை சிறிய மிதவைச் செடி. மெல்லிய மயிர் படர்ந்த இலைகள் வட்டமாக அடுக்கியிருக்கும். பூ கண்ணுக்கே தெரியாது. அந்தரத்தாமரை என்றும் பெயர் உண்டு. வேர் மண்ணைத் தொடாமல் நிற்கும் செடிக்கு இரண்டுமே பொருத்தமான பெயர்கள்.

ஊதாப்பூச் செடி அமேசான் படுகையில் பிறந்தது. பூவின் அழகுக்காகவே நாடு நாடாகக் கொண்டுபோகப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது. இதுவும் மிதந்ததால் ஆகாயத்தாமரை என்ற பழைய பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'வாட்டர் ஹயசிந்த்'. ஹயசிந்த் என்பது தரையில் வளரும் ஒரு பூச்செடி. கிரேக்கக் கதையில் இறந்துபோன இளைஞனின் பெயர் அதற்கு. தாவரவியலார் வைத்த 'ஐக்கோர்னியா' பிரஷ்ய அமைச்சர் ஒருவரின் நினைவாக வந்தது. கூடவே வரும் 'கிராசிப்பெஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குத் தடித்த கால் என்று பொருள். இலைக்காம்பு அடியில் உப்பி, உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கும். செடி மிதப்பதே அதனால்தான். தமிழில் வழங்கும் வெங்காயத்தாமரை என்ற பெயரும் அந்த உப்பலைத்தான் காட்டுகிறது. எனவே இந்தக் களைக்கு வெங்காயத்தாமரை என்றே எழுதுவோம். இலங்கைத் தமிழர் ஆற்றுவாழை என்கிறார்கள், அதுவும் குழப்பமில்லாத சொல்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. ஞாயிறுதோறும் குளத்தில் இறங்கும் தன்னார்வலர்களுக்கு எந்தச் செடி என்பது தெரிந்தாக வேண்டும். வெங்காயத்தாமரை பக்கத்தண்டு விட்டுக் குட்டி போடும். சாக்கடை கலந்த நீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். வெட்டிப் போட்டால் துண்டிலிருந்தே மறுபடி முளைக்கும், அதனால் முழுசாக இழுத்துக் கரையேற்ற வேண்டும். அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஈரத்தோடு இழுப்பது உடம்பை முறிக்கிற வேலை. விதைகளோ சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒருமுறை திருவிழா போலச் சுத்தம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் பயனில்லை. சாக்கடையை அடைத்து, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப இறங்கியாக வேண்டும்.

களையைத் தின்று கட்டுப்படுத்தும் பூச்சிகளைக் குளத்தில் விடுவதென்றால் பெயர் இன்னும் முக்கியம். 1980களில் பெங்களூரு ஏரிகளில் விட்ட 'நியோகெட்டினா' கூன்வண்டுகள் வெங்காயத்தாமரையைத் தின்று நன்றாகவே கட்டுப்படுத்தின. உண்மையான ஆகாயத்தாமரை அந்த வண்டுக்கு இரை அல்ல. அதைத் தின்பது வேறொரு கூன்வண்டு.