எல்லா ஊசியும் போட்டாச்சு, உடம்பு ஏற்றுக்கொண்டதா?

தாய்க்கு ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) இருந்தால், பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். 12 மணி நேரத்துக்குள் இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள் ஊசி. அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி தடுப்பு மருந்தும் அதிலேயே இருக்கிறது. இத்தோடு தடுப்பூசி அட்டையில் இதற்கான கட்டங்கள் நிரம்பிவிடும், வீட்டாரும் நிம்மதியாகிவிடுவார்கள். விட்டுப்போவது ஒன்பதாம் மாத ரத்தப் பரிசோதனை.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் இது விட்டுப்போகக் காரணம் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். கர்ப்பகாலப் பரிசோதனை தமிழ்நாட்டில், பிரசவம் பாலக்காடு மாவட்டத்தில். சில மாதம் கழித்துக் குழந்தையோடு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் புகுந்த வீடு. தமிழில் ஒரு அட்டை, மலையாளத்தில் ஒரு அட்டை. தாயின் ரிப்போர்ட் எதிலும் இருக்காது.

சளிக்காகப் பத்து மாதக் குழந்தையைத் தூக்கி வந்த ஒரு பாட்டி, "எல்லா ஊசியும் போட்டாச்சுங்க டாக்டர்" என்றார். உண்மைதான், ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் தாளின் ஓரத்தில் இம்யூனோகுளோபுலின் குப்பியின் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தாயைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். பாட்டி மருந்து வாங்கப் போனதும் கூட வந்திருந்த குழந்தையின் தாய் மெல்லச் சொன்னாள்: "மாமியார் வீட்ல தெரியாதுங்க."

அவள் பயம் எனக்குப் புரிகிறது. தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பார்கள், தாய்ப்பால் கொடுக்காதே என்பார்கள். இரண்டுமே தேவையில்லாதவை. சேர்ந்து சாப்பிட்டால் இது தொற்றாது. ஊசி போட்ட குழந்தைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். கணவரிடம் மட்டும் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கும் பரிசோதனை வேண்டும், தொற்று இல்லையென்றால் தடுப்பூசி வேண்டும். என் சக டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் ஒன்று கேட்கிறேன்: குழந்தையின் அட்டையில் நோயின் பெயரை எழுத வேண்டாம். 'ஒன்பதாம் மாதம் ரத்தப் பரிசோதனை' என்று தேதி போட்டு எழுதுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எப்படியும் வருவார்கள், அன்றே ரத்தம் எடுத்துவிடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பிள்ளை நன்றாக ஓடியாடும், காமாலைகூடத் தெரியாது. ஈரல் சுருக்கமோ புற்றுநோயோ பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும்.

பார்க்க வேண்டியது இரண்டு பரிசோதனைகள். வைரஸ் இருக்கிறதா என்பதற்கு ஹெச்பிஎஸ்ஏஜி. ஊசி வேலை செய்ததா என்பதற்கு ஆன்டி-ஹெச்பிஎஸ். வைரஸ் இல்லாமல் ஆன்டி-ஹெச்பிஎஸ் அளவு 10 (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்துவிடும். 10-க்குக் கீழே என்றால் இன்னொரு ஊசி போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்க்கிறோம். அப்போதும் ஏறவில்லையென்றால் மேலும் இரண்டு ஊசி. வைரஸ் இருப்பது தெரிந்தால் ஈரல் டாக்டரின் தொடர் கவனிப்பு வேண்டும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். பிறந்த அன்று போட்ட இம்யூனோகுளோபுலின் கடன் வாங்கிய பணம் மாதிரி. அது மிச்சமிருக்கும்போது பார்த்தால் குழந்தையின் சொந்தச் சம்பாத்தியம் எவ்வளவு என்று தெரியாது. வைரஸ் எப்போதாவது உடம்பில் பட்டதா என்று காட்டும் ஆன்டி-ஹெச்பிசி பரிசோதனையும் இந்த வயதில் வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் இரண்டு வயது வரைகூட அதில் தெரியலாம். அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று அழுதுகொண்டே வருகிறார்கள்.

அடுத்த பிள்ளைக்கு, கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் வைரஸ் அளவு 2 லட்சத்தை (IU/mL) தாண்டினால் 28-ஆவது வாரத்திலிருந்து வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பிரசவத்துக்கு எல்லை தாண்டுவதாக இருந்தால், உங்கள் ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்டின் நகல் ஒன்று உங்கள் பையிலேயே இருக்கட்டும்.