'எட்டு வருஷமா தைக்கிறேன் சார்': வீட்டுத் தொழில் மானியக் கடனில் நம் பெண்கள் சறுக்கும் இடங்கள்

கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரே அறை, ஓரமாகச் சமையல்கட்டு, ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். எம்.சி. ரோட்டுக் கடை ஒன்றிலிருந்து வெட்டிய நைட்டித் துணி மூட்டையாக வரும். தைத்து, ஓவர்லாக் அடித்து, மடித்துக் கொடுத்தால் பீஸ் கணக்கில் கூலி. சொந்தமாகத் துணி எடுத்து, தானே வெட்டித் தைத்து விற்றால் கூலியைவிடக் கூட நிற்கும் என்று கணக்குப் போட்டார். சரியான கணக்குதான். மானியக் கடனுக்கு விண்ணப்பித்தார்.

வங்கியில் கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு நாளா தைக்கிறீங்கம்மா?"

"எட்டு வருஷமா தைக்கிறேன் சார்."

அதோடு முடிந்தது. அனுபவம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்ன பதிலே அவருடைய விண்ணப்பத்தை மூடிவிட்டது. ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் அலைந்த பிறகு காகிதங்களோடு என்னிடம் வந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுத் தொழிலா, பழைய தொழிலா?

மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்), தமிழ்நாடு அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. (வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) இரண்டும் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பெரிதாக்க இவற்றில் முதல் கடன் கிடையாது. வீட்டுத் தொழில் செய்பவர்களில் பெரும்பாலோர் பல வருடமாகச் செய்துகொண்டிருப்பவர்கள். அவர்களையும் இதே கவுன்டருக்குத்தான் அனுப்புகிறார்கள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் கூலிக்குத் தைப்பது வேறு, சொந்தத் தொழில் நடத்துவது வேறு. துணி கடைக்காரருடையது, விலை வைப்பது அவர், விற்பதும் அவர். அந்த அக்கா செய்தது கூலி வேலை. அதை விண்ணப்பத்தில் 'தையல் வேலையில் அனுபவம்' என்று எழுத வேண்டும், 'தொழில் நடத்தி வருகிறேன்' என்று எழுதக் கூடாது. அதுதான் உண்மையும்கூட.

அவர் விஷயத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. பிரவுசிங் சென்டரில் "உத்யம் சர்டிபிகேட் இருந்தால்தான் கடன் வரும்" என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அதற்குக் கட்டணமே கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் ஓ.டி.பி. வரும் போனும் போதும். காசு போனதுகூடப் பெரிதில்லை. அந்தச் சான்றிதழில் 'தொழில் தொடங்கிய தேதி' என்று ஓர் இடம் உண்டு. அங்கே எட்டு வருடத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு வைத்திருந்தார்கள். தன் கையாலேயே 'நான் பழைய தொழில்' என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. புதுத் தொழிலுக்கான கடன் கேட்கப் போகிறீர்கள் என்றால், உத்யம் பதிவுக்கு அவசரப்படாதீர்கள். யாராவது போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள்.

அதே பதில் வேலை செய்யும் இடம்

கலைஞர் கைவினைத் திட்டம் என்று மாநில அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. இதில் 35 வயது முடிந்திருக்க வேண்டும், அந்தத் தொழிலில் 5 வருட அனுபவம் வேண்டும். அதாவது ஒரு கவுன்டரில் கதவைச் சாத்திய 'எட்டு வருஷமா தைக்கிறேன்' என்ற அதே பதில்தான் இங்கே தகுதி. அக்காவுக்கு வயது 38. முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருந்தால் மூன்று மாதமும் கூலி போன நாட்களும் மிச்சம்.

3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், வட்டியில் 5 சதவீதம் அரசு ஏற்கிறது. ஆனால் மானியத்துக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். 2 லட்சம் வாங்கினாலும் 50,000தான், 3 லட்சம் வாங்கினாலும் 50,000தான். "முழுசா 3 லட்சம் போடுங்க, மானியம் கூட வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பட்டியலில் 25 தொழில்கள்தான். தையல், பூமாலை கட்டுவது, துணி வெளுப்பது, மீன் வலை செய்வது எல்லாம் உண்டு. காசிமேட்டில் வலை பின்னுபவர்கள் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். சமையல் தொழில் இதில் வராது. தையல்காரர்கள் நலவாரிய அட்டை வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், அனுபவத்துக்கு அது சாட்சி.

இட்லி மாவு, அப்பளம், மசாலாப் பொடி, ஊறுகாய் செய்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் பழைய தொழிலுக்கும் இடம் உண்டு. மானியம் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை. கைக்காசு 10 சதவீதமாவது போட வேண்டும். மாவு அரைக்கும் பெண்கள் பலர் இதன் பெயரையே கேட்டதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பி.எம்.இ.ஜி.பி.யும் பி.எம்.எஃப்.எம்.இ.யும் 2025-26 நிதியாண்டு வரைக்கும் என ஒப்புதல் பெற்றவை. அதனால் காகிதம் சேர்க்கக் காசு செலவழிக்கும் முன், திட்டத்தின் இணையதளத்தில் புது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

வங்கிகள் தரும் முத்ரா என்ற சிறு தொழில் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. முத்ராவில் மானியம் கிடையாது. "முத்ராவில் பாதி கட்டினால் போதும்" என்று தெருவில் பேசுவது பொய். ஆனால் முத்ரா கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர், தொழில் லாபத்தில் நடந்தால், நடக்கும் தொழிலைப் பெரிதாக்கத் தரும் பி.எம்.இ.ஜி.பி.யின் இரண்டாம் கடனுக்குக் கேட்க வழி உண்டு.

மானியம் கையில் வராது

இதைப் புரிந்துகொள்ளாமல் கடன் வாங்கி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.எம்.இ.ஜி.பி.யில் சென்னை போன்ற நகரத்தில் பெண்களுக்கு 25 சதவீதம், கைக்காசு 5 சதவீதம். 4 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் உங்கள் கைக்காசு 20,000, வங்கி தருவது 3,80,000. மானியம் 1 லட்சம். அந்த 1 லட்சம் உங்கள் பெயரில் வங்கியிலேயே டெபாசிட்டாக 3 வருடம் கிடக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி போடக் கூடாது. 3 வருடம் தொழில் நடந்தால் கடனில் கழிப்பார்கள். அதனால் தவணையைக் கழித்துக் கொள்வார்கள் என்று மாதத் தவணையை விட்டுவிடாதீர்கள். டெபாசிட் போட்டதும் அதன் ரசீது நகலைக் கேட்டு வாங்குங்கள். வட்டி முழுக் கடனுக்கும் போடுகிறார்களா என்று பாஸ்புக்கை வைத்துச் சரிபாருங்கள்.

கடன் பணமும் பெரும்பாலும் கையில் வராது. மெஷின் பணம் நேரே மெஷின் கடைக்குப் போகும். ஆகவே 'கடன் வந்துவிடும்' என்று நம்பி வட்டிக்கு வாங்கி மெஷினை முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள். அந்த பில்லுக்குப் பணம் வராது. ஜி.எஸ்.டி. எண் உள்ள கடையில் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள்.

வங்கி வாசலில்

வீட்டுப் பத்திரம், நகை, டெபாசிட் கேட்டு மடக்குவது இன்னும் நடக்கிறது. இந்த மாதிரிச் சிறு தொழில் கடனுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வாதம் செய்ய வேண்டாம். "அடமானம் வேணும்னு எழுதிக் கொடுங்க சார்" என்று மட்டும் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள், பேச்சு மாறும். விண்ணப்பத்தை வாங்கினால் ஒப்புகை, நிராகரித்தால் காரணம், இரண்டும் எழுத்தில் வேண்டும். "அப்புறம் வாங்க" என்பது பதில் ஆகாது.

நம் பக்கத்துப் பெண்களை அதிகம் கவிழ்ப்பது குழுக் கடன். மூன்று நான்கு மைக்ரோ பைனான்ஸில் வாங்கியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்காகத் தன் பெயரில் எடுத்ததும் அதில் இருக்கும். எல்லாமே கடன் வரலாற்றில் தெரியும். சிபில் மாதிரி கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அதைப் பாருங்கள். கட்டி முடித்த கடன் 'பாக்கி' என்று கிடந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பெயரும் படுத்தும். பள்ளி டி.சி.யில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் முழுப் பெயர். இந்த அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆதாரையும் பானையும் முதலில் ஒன்றாக்குங்கள். யு.ஒய்.இ.ஜி.பி.க்கு எட்டாம் வகுப்பு தேர்ச்சி கட்டாயம் என்பதால் டி.சி. தொலைந்தவர்கள் இப்போதே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். அதில் பெண்களுக்கு வயது 55 வரை, குடும்ப வருமானம் வருடத்துக்கு 5 லட்சத்துக்குள், மானியம் 25 சதவீதம், உச்சம் 3.75 லட்சம்.

கிண்டிக்குப் போவதற்கு முன்

சென்னைக்கு இந்த வேலையைப் பார்க்கும் தொழில் வணிகத் துறை அலுவலகம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். ஆனாலும் போகவர ஒரு நாள் கூலி போகும். வெறுங்கையோடு போய் "என்ன திட்டம் இருக்கு?" என்று கேட்டால் ஒரு துண்டுச்சீட்டோடு திருப்பி அனுப்புவார்கள். திட்டத்தின் பெயரைச் சொல்லி, "எனக்கு வயது இவ்வளவு, இத்தனை வருடம் இந்த வேலை செய்கிறேன், இதில் நான் வருவேனா?" என்று கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

கடனில் பத்து சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று அலுவலக வாசலிலேயே நிற்பவரை விட்டு விலகுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அவர் தரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் யாருக்கோ போட்டதாகத்தான் இருக்கும். அக்காவின் ரிப்போர்ட்டில் நைட்டிக்கு நடுவே பேப்பர் கப் மெஷினின் மின்சாரச் செலவு இருந்தது. துணி மீட்டர் என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ், எந்தக் கடை எடுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்களே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வங்கியில் பேசுங்கள்.

கடன் கிடைத்த பிறகும் ஒன்று இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறினால், மாறிய வாரமே வங்கிக்கும் கிண்டி அலுவலகத்துக்கும் புது முகவரியைக் கடிதமாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு வரும் ஆள் பழைய வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டு 'தொழில் இல்லை' என்று எழுதிப் போனால், டெபாசிட்டில் கிடக்கும் மானியம் அரசுக்கே திரும்பிவிடும். உங்களுக்குக் கடன் மட்டும்தான் மிஞ்சும்.