பெரிய மேம்பாட்டு நிலத்தில் நடைவழி: கோலாலம்பூர்வாசிகள் பிளானில் பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரில் பெரிய நிலத்தை மேம்படுத்த, கூட்டரசுப் பிரதேச (திட்டமிடல்) சட்டம் 1982-இன் கீழ் மாநகர் மன்றத்தின் மேம்பாட்டு ஆணை, அதாவது திட்ட அனுமதி, வேண்டும். மாடி எண்ணிக்கையும் கார் நெரிசலும் பேசப்படும் அளவுக்கு நடைவழி பேசப்படுவதில்லை. பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதியிலிருந்து) எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கோ கோயிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ நடந்து போக முடியுமா என்பது இந்த ஆணையோடு முடிவாகிவிடும். கட்டடம் எழுந்தபின் பாதைக்கு இடம் கிடைக்காது.

லேஅவுட் பிளானில் முதலில் வளாகத்தின் நீள அகலத்தை அளந்து பாருங்கள். 300 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நீளப் பக்கத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு நேராக 200 மீட்டர்தான். குறுக்கே வழி விடாவிட்டால் 500 மீட்டர் சுற்ற வேண்டும். ‘நிலையத்திலிருந்து 400 மீட்டர்’ என்று விளம்பரத்தில் இருந்தால், அது வரைபடத்தில் போட்ட வட்டமா, காலால் நடக்கும் தூரமா என்று கேளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டர் தெரு வேண்டும் என்பது ஐ.நா.வின் நகர்க் குடியிருப்பு அமைப்பான ஹாபிடாட்டின் பரிந்துரை. கணக்குப் போட்டால் நெடுக்கிலும் குறுக்கிலும் சுமார் 110 மீட்டருக்கு ஒரு தெரு. 20 ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் பக்கம் 285 மீட்டர் வரும். நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு தெரு விட்டால் போதும்.

அடுத்து, பாதை யாருடைய நிலத்தில் போகிறது? பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான். பிளானில் பச்சை வண்ணத்தில் அழகாக வரைந்த பாதை, ஸ்ட்ராட்டா கூட்டுச் சொத்துக்குள் (அடுக்குமாடி உரிமையாளர்களின் பொது இடத்துக்குள்) இருந்தால், அது 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி நாளை நிர்வாகக் கழகத்தின் பொறுப்புக்குப் போகும். பாதுகாப்பைக் காரணம் காட்டி கேட் போட்டு நுழைவு அட்டை வைத்துவிட்டால், வெளியிலிருந்து வருபவர் திரும்ப வேண்டியதுதான். பேரங்காடி வழியாகப் போகும் பாதைக்கு வேறு சிக்கல்: காலை முதல் ரயிலுக்குப் போகிறவருக்குக் கதவு திறந்திருக்காது. ஆகவே முக்கியமான குறுக்கு வழியைச் சாலை ஒதுக்கீடாக அரசிடம் ஒப்படைக்கக் கேளுங்கள். முடியாத இடத்தில், நிலச் சட்டத்தின் கீழ் பொது வழியுரிமையாகப் பதியக் கேளுங்கள். திறந்திருக்கும் நேரம் ஆணையின் நிபந்தனையிலேயே வர வேண்டும். பாதை யார் நிலத்தில் என்று அறிய, நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) விவரத்தை யாரும் பார்க்கலாம்.

கட்டம் கட்டமாக எழும் திட்டங்களில் நடைவழி கடைசிக் கட்டத்துக்குத் தள்ளப்பட்டு, தகரத் தடுப்புக்குள் பல வருடம் கிடக்கும். 2007 முதல் நிறைவுச் சான்றிதழான சிசிசியை மாநகர் மன்றம் அல்ல, கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர்தான் தருகிறார். அதனால் ‘முதல் கட்டத்தின் சிசிசிக்கு முன் பாதை முடிய வேண்டும்’ என்ற வாசகம் ஆணையில் இருப்பது பெரிய பலம்.

தரை மட்டத்திலும் கவனம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் தடையற்ற அகலம் தேவை. விளக்குக் கம்பத்தையும் மரக்குழியையும் கழித்துவிட்டு அளக்க வேண்டும். சாய்தளம் 1:12-க்கு (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) மேல் செங்குத்தாகக் கூடாது. கார் நுழைவாயிலில் பாதை இறங்கி ஏறாமல் ஒரே மட்டத்தில் தொடர்ந்தால் கார்தான் வேகம் குறைக்கும். கால்வாய் மூடியின் கம்பிகள் நடக்கும் திசையிலேயே போனால் சக்கரமும் ஊன்றுகோலும் மாட்டும். தெருவோரம் முழுதும் கார் நிறுத்தும் மாடிகளின் வெறுஞ்சுவரென்றால், நிழலும் இருக்காது, இருட்டினால் துணையும் இருக்காது. நம் பழைய கடைவீதிகளில் கடைகளின் முன் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதை வெயிலுக்கும் மழைக்கும் தந்த பாதுகாப்பைப் புதிய வளாகங்களிடமும் கேட்பது நியாயமே.

திட்ட அறிவிப்புப் பலகையைப் பார்த்தவுடன் அதிலுள்ள ஆட்சேபக் கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவில் பொதுவாக ‘நடக்க வசதி இல்லை’ என்று எழுதுவதைவிட, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, இப்போது எத்தனை மீட்டர், கட்டியபின் எத்தனை என்று வரைபடத்தில் குறித்து இணைப்பது எடுபடும். பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் குடியிருப்பாளர் பக்கம் தீர்ப்பளித்து மேம்பாட்டு ஆணையைச் செல்லாதென்றது. அக்கம்பக்கத்தாரின் குரலுக்குச் சட்டத்தில் இடமுண்டு.

பினாங்கில் நடைமுறை வேறு. அங்கே நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976 செல்லும். உள்ளூர்த் திட்டம் அமலில் இல்லாத பகுதியில் பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும்.