சிம்பன்சி ரவுடி, பொனோபோ சாது: எண்ணிப் பார்த்தால்?

சிம்பன்சி என்றால் அடிதடி, அதன் நெருங்கிய உறவினமான பொனோபோ என்றால் சமாதானம். குரங்கினங்களைப் பற்றி லேசாகப் படித்தவர்கள்கூட இதைச் சொல்வார்கள். சும்மா கிளம்பிய பேச்சில்லை அது. தான்சானியாவின் கோம்பே காட்டில் 1974இல் தொடங்கி நாலு வருஷம், ஒரு சிம்பன்சிக் கூட்டத்தின் ஆண்கள் தங்களிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகத் தனியே மடக்கிக் கொன்று தீர்த்தன. 2014இல் ஆப்பிரிக்கா முழுக்க 18 சிம்பன்சிக் கூட்டங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நேரில் பார்த்ததும் சந்தேகத்துக்குரியதுமாக 152 கொலைகள் தேறின. நாலு பொனோபோக் கூட்டங்களில் சந்தேகத்துக்குரியது ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் 2024இல் ஆராய்ச்சியாளர் மோட் முஜினோ குழுவினர் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஆண்களுக்குள் நடக்கும் மோதலை மட்டும் எடுத்துக்கொண்டால், பொனோபோ ஆண்கள் சிம்பன்சி ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக மோதிக்கொள்கின்றன. துரத்தல், தள்ளல், கடி எல்லாம் சேர்த்துத்தான்.

இரண்டுமே உண்மைதான். எப்படி என்று புரிய, காட்டில் இவற்றை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் சிக்கல், மனிதனைக் கண்டால் அவை ஓடிவிடும். 1960இல் கோம்பேக்குப் போன சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலுக்கும் ஆரம்ப மாதங்களில் இதே கதைதான். அப்புறம் அங்கே வாழைப்பழம் வைத்துப் பழக்கினார்கள். அந்தப் பழத்துக்காகவே சண்டை கூடியது என்ற விமர்சனமும் கிளம்பியது. இப்போதெல்லாம் தீனி வைப்பது கிட்டத்தட்ட இல்லை. தினமும் போய், கண்ணில் படும்படி, ஆனால் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘இதுகளால் நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று அவை முடிவுக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். பழகிய பிறகும் சில மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், பல இடங்களில் முகக்கவசமும் கட்டாயம். நமக்குச் சாதாரணச் சளி, அவற்றுக்கு உயிரைப் பறிக்கும் நோய்.

இரண்டாவது சிக்கல் நம் கண். கல்யாணப் பந்தியில் ஒரு சண்டை நடந்தால் பத்து வருஷம் கழித்தும் அதைத்தான் பேசுவோம். அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போன ஆயிரம் பேர் நினைவில் நிற்பதில்லை. காட்டிலும் அப்படித்தான், எங்கே கூச்சல் கேட்கிறதோ அங்கே கண் போகும். அப்படி எழுதிய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஓர் இனம் எவ்வளவு சண்டை போடுகிறது என்று கணக்குப் போட முடியாது.

இதற்கு மருந்தாக ஒரு முறையை 1974இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் தன் கட்டுரையில் தெளிவாக வகுத்துக் கொடுத்தார். யாரைப் பார்ப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இன்றைக்கு இந்த ஆண் என்றால் நாள் முழுக்க அது மட்டும்தான். பக்கத்தில் ரத்தக்களரியே நடந்தாலும், நம்ம ஆள் அதில் இல்லை என்றால் அவன் கணக்கில் அது சேராது. இவை தினமும் சாயங்காலம் மரத்தில் கிளைகளை மடக்கிப் புதிதாகக் கூடு கட்டித் தூங்கும். அதனால் முந்தின நாள் கூட்டைக் குறித்து வைத்துக்கொண்டு, விடியும் முன்பே அந்த மரத்தடிக்குப் போய்விட வேண்டும். அது இறங்கியதிலிருந்து அடுத்த கூட்டில் ஏறிப் படுக்கும் வரை பின்னாலேயே நடை: என்ன தின்றது, யார் பக்கத்தில் உட்கார்ந்தது, யாருக்குப் பேன் பார்த்தது, யாரை விரட்டியது. பெரும்பாலும் செம போர். கோம்பேயில் பல பத்தாண்டுகளாக இதை எழுதி வருபவர்கள் பெரும்பாலும் தான்சானியா நாட்டு உதவியாளர்கள், சுவாஹிலி மொழியில். ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் வாங்குபவர்களைவிடக் காட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

முஜினோவின் கணக்கு இந்த முறையில் வந்தது. ஒரு பக்கம் கோம்பே, இன்னொரு பக்கம் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோகோலோபோரி, இரண்டிலும் ஒரே அளவுகோல். சிம்பன்சி ஆண்கள் கூட்டணி வைத்துக்கொள்ளும். ஒருவன் மேல் கைவைத்தால் அவனுடைய கூட்டாளிகளும் வந்துவிடலாம், உயிரே போகலாம். அதனால் எண்ணிக்கை குறைவு, நடந்தால் விபரீதம். பொனோபோ ஆண்களிடம் இந்தக் கூட்டணிப் பழக்கம் ரொம்ப அரிது, சண்டை பெரும்பாலும் ஒண்டிக்கு ஒண்டி. கொஞ்சம் துரத்தல், ஒரு தள்ளல், அத்தோடு முடிந்துவிடும், மறுநாள் மறுபடி.

பெண்களிடம் வாலாட்டும் விஷயத்தில் நிலைமை தலைகீழ். சிம்பன்சி ஆண்கள் பெண்களை அடிப்பது சகஜம். பொனோபோ ஆண் அப்படிச் செய்தால் பெண்கள் ஒன்றுசேர்ந்து விரட்டும். பெண்களின் செல்வாக்கு அதோடு நிற்கவில்லை: சாணத்திலிருந்து டிஎன்ஏ எடுத்துத் தகப்பன் யார் என்று பார்த்ததில், தன் தாயோடு ஒரே கூட்டத்தில் இருக்கும் பொனோபோ ஆணுக்குக் குட்டி பிறக்கும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு அதிகம் என்பதும் 2019இல் தெரியவந்தது. சிம்பன்சிகளில் தாய்க்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

ஒன்று மட்டும் கவனம்: 2024 ஒப்பீட்டில் சிம்பன்சி என்றால் கோம்பேயின் இரண்டு கூட்டங்கள் மட்டுமே. ஐவரி கோஸ்ட்டின் டாய் காட்டில் பெண் சிம்பன்சிகள் கோம்பேயைவிட அதிகமாகக் கூட்டத்தோடு சேர்ந்தே திரிபவை, அங்கேயும் இதே அளவுகோலில் எண்ணினால் இந்த மூன்று மடங்கு அப்படியே நிற்குமா என்பது தனிக் கேள்வி.